கேள்வி-பதில்: போட்டோஷாப்ல தமிழ் ஏன் உடையுது?

கேள்வி: சார், வீட்லருந்தே காதுகுத்து, வளைகாப்பு பத்திரிகை டிசைன் பண்றேன். கூகுள் ஃபான்ட்ஸ்ல கவிவனாரும் பலூ தம்பியும் இறக்கி இன்ஸ்டால் பண்ணேன், போட்டோஷாப் லிஸ்ட்ல வருது, ஆனா 'கொ'னு அடிச்சா கொம்பு க-வுக்கு அப்புறம் போய் நிக்குது. ஃபான்ட் கெட்டுப்போச்சா? முன்னாடி கடையில பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அடிச்சப்ப இப்படி ஆனதே இல்ல.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ஃபான்ட் நல்லாத்தான்மா இருக்கு, அழிச்சு அழிச்சு மறுபடி போட்டுட்டு இருக்காதீங்க. பாமினில இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வச்சிருக்காங்க, கொம்பை நீங்களே முதல்ல அடிப்பீங்க, அப்புறம் க, அப்புறம் கால், போட்டோஷாப்புக்கு அது தமிழ்னே தெரியாது, வந்த வரிசையில காட்டிடும். கவிவனார் மாதிரி யூனிகோட் ஃபான்ட்ல அப்படி இல்ல, அதுல தமிழ் எழுத்து, குறி ஒவ்வொண்ணுக்கும் தனி எண் இருக்கு. முதல்ல க, அதுக்கப்புறம்தான் ஒகரக் குறி சேமிப்பாகும், அதைப் பிரிச்சு கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்க வேண்டியது சாஃப்ட்வேர் வேலை.

எடிட் மெனுல பிரிஃபரன்சஸ், அதுல டைப் போங்க. 2021 வரைக்கும் வந்த வெர்ஷன்ல வேர்ல்டு-ரெடி லேஅவுட்னு இருக்கும், அதுக்கும் பழசுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துட்டு போட்டோஷாப்பை மூடித் திறந்து புது ஃபைல்ல அடிச்சுப் பாருங்க. ஏற்கனவே அடிச்ச லேயர் அப்படியே உடைஞ்சு நின்னாலோ, புது வெர்ஷன்ல அந்தத் தேர்வே இல்லைன்னாலோ, அந்த டெக்ஸ்டை செலக்ட் பண்ணி பாராகிராஃப் பேனல் மெனுல வேர்ல்டு-ரெடினு ஆரம்பிக்கிறதை டிக் பண்ணுங்க, சரியாயிடும். தமிழுக்கு இதை முதல்லயே ஆன் பண்ணி வைக்காதது அநியாயம்தான். ஜிம்ப்னு இலவசமா கிடைக்கிற பட எடிட்டர்ல இந்தத் தொல்லையே இல்ல, செட்டிங் எதையும் தொடாமலே கொம்பு சரியா விழும்.

இன்னொண்ணு, வாட்ஸாப்ல கஸ்டமர் அனுப்புறது யூனிகோட். அதை அப்படியே பேஸ்ட் பண்ணி பாமினியைக் குடுத்தா கட்டம் கட்டமா வரும், இல்லைன்னா வேற ஏதோ ஃபான்ட் வந்து உக்காந்துக்கும். பாமினிதான் வேணும்னா என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல யூனிகோடை பாமினிக்கு மாத்திட்டுப் போடுங்க.

கேள்வி: ஃப்ரெண்டு பென்டிரைவ்ல ரெண்டாயிரம் ஃபான்ட் குடுத்தான், மொத்தமா போட்டேன். இப்ப ஜிம்ப் திறக்கவே நேரமாகுது, சில பழைய சாஃப்ட்வேர்ல பாதி ஃபான்ட் காணோம்.
— வாசகர், தாம்பரம்

பதில்: ரெண்டாயிரத்துல எத்தனை தம்பி யூஸ் பண்ணுவீங்க? ஜிம்ப் திறக்கும்போதே எல்லா ஃபான்டையும் தேடிப் படிக்கும், அதான் லேட். விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல தேவையில்லாததைத் தூக்குங்க, ஆனா நிர்மலா யூஐ மாதிரி விண்டோஸோட வந்ததைத் தொடாதீங்க. மத்ததை ஒரு சாதா ஃபோல்டர்ல வச்சு நெக்ஸஸ்ஃபான்ட், ஃபான்ட்பேஸ் மாதிரி மேனேஜர்ல பார்த்து, வேணும்கிறப்ப மட்டும் ஆன் பண்ணிக்கலாம். காணாமப் போனதுக்குக் காரணம், விண்டோஸ் 10ல சும்மா இன்ஸ்டால் குடுத்தா உங்க யூசருக்கு மட்டும்தான் ஏறும், பழைய சாஃப்ட்வேர் சிலது அங்க தேடாது. ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் குடுங்க. ஜிப்பைப் பிரிக்காம உள்ளருந்தே கிளிக் பண்ணாதீங்க. அப்புறம் அந்தப் பென்டிரைவ் ஃபான்ட் பலதுக்கு லைசென்ஸ் இருக்காது, காசு வாங்கிப் பண்ற வேலைக்கு நோட்டோ, ஹிந்த் மதுரை, முக்தா மலர்னு ஓப்பன் லைசென்ஸ்ல இருக்கிறதே போதும்.

கேள்வி: பிரஸ்ல என் போட்டோஷாப் ஃபைலை (பிஎஸ்டி) திறந்தா ஃபான்ட் மிஸ்ஸிங்னு வருதாம், என்ன பண்ண?
— வாசகர், சிவகாசி

பதில்: ஒரு காப்பி எடுத்து, அதுல டெக்ஸ்ட் லேயரை ரைட் கிளிக் பண்ணி கன்வர்ட் டு ஷேப் குடுத்து அனுப்புங்க, எழுத்து வெறும் வடிவமா மாறிடும், அங்க ஃபான்ட் தேவைப்படாது, ஆனா திருத்தி அடிக்க முடியாது. ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும், கடைசி நேரத்துல முகூர்த்த நேரத்தை மாத்தச் சொல்வாங்க.