ஊலூ என்றாலும் எங்கள் ஊர் செம்பவாங்

கேள்வி: ஒரு வட்டாரம் அங்கே வாழ்பவர்களுக்கு மட்டும் ஏன் தனி ஒட்டுதலைத் தருகிறது? உங்கள் ஊரில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் 'ஊர்' என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு சிக்கல். சிங்கப்பூர்த் தமிழர்களிடம் "ஊருக்குப் போறியா?" என்று கேட்டால் அது இந்தியாவுக்குப் போவதைப் பற்றிய கேள்வி. இங்கேயே பிறந்து, தேசிய சேவை முடித்து, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பவனிடமும் அப்படித்தான் கேட்பார்கள். என் பாட்டிக்குக் கடைசி வரை ஊர் என்றால் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். நல்ல கிராமம், பாசமான மனிதர்கள். ஆனால் மூன்றாவது நாளே எப்போது வீட்டுக்குத் திரும்புவோம் என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஊர் என்றால் 'நேவல் பேஸ்'. பிரிட்டிஷ்காரர்களின் அந்தக் கடற்படைத் தளம் 1971இல் அவர்களோடு போய்விட்டது, அப்பா மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறார்.

எனக்குச் செம்பவாங், தீவின் வடக்குக் கரை.

இதைச் சொன்னதும் மற்ற பக்கத்துக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "செம்பவாங்கா? ரொம்ப ஊலூ ஆச்சே!" ஊலூ என்பது மலாய்ச் சொல். ஆற்றின் மேற்பகுதி என்று பொருள், இங்கே பேச்சில் 'ஆள் அரவமில்லாத கோடி'. தெற்கிலிருந்து வடக்குக்கு முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தீவில் ஓர் இடத்தைக் கோடி என்று சொல்லச் சிங்கப்பூர்க்காரனால்தான் முடியும்!

சுற்றுலா வருபவருக்கு இங்கே காட்ட அதிகமில்லைதான். கடற்கரைப் பூங்கா, வெந்நீர் ஊற்று, மரங்களுக்கு நடுவே பழைய வெள்ளைக்கார அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை வீடுகள். அரை நாளில் முடிந்துவிடும். அப்படியிருந்தும் இங்கே இருப்பவர்கள் ஏன் வேறு எங்கும் வீடு பார்க்க மாட்டேன் என்கிறார்கள்? எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: இல்லாமல் போன ஒன்றை அடையாளமாக வைத்து வழி சொன்னாலும் இங்கே எதிராளிக்குப் புரிகிறது.

போன தீபாவளிக்கு முன்பு அப்பாவைச் சோங் பாங் சந்தைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவருக்குத் தே-ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர் (டாக்டர் உத்தரவு). கப்பல் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த மலையாளி அங்கிள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். யாரோ ஒரு பழைய நண்பரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அவன் வீடு எங்க இருந்துச்சு?"

"சுல்தான் தியேட்டருக்குப் பின்னால. கோழிப் பண்ணையத் தாண்டி."

"ஓ, அந்தத் தண்ணிக் குழாய் பக்கமா!"

தியேட்டர் இல்லை, பண்ணை இல்லை, குழாயும் இல்லை. அந்த இடத்தில் இருந்த கம்பத்து (மலாயில் கம்போங், கிராமம்) வீடுகளே இல்லை. ஆனால் இருவருக்கும் அந்த வீடு துல்லியமாகத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது என்பதுதான் வேடிக்கை. நான் பார்த்தபோது அது கிட்டத்தட்ட காலி நிலம். இருந்தும் இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டு, அந்தத் தியேட்டரில் படம் பார்த்த மாதிரியே ஒரு நினைப்பு.

பெயர்களின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெயர்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் பெரும் பணக்காரரான லிம் நீ சூன் பெயரில் வந்தது நீ சூன். அதையே மாண்டரின் உச்சரிப்பில் சொன்னால் ஈசூன், இன்று எங்கள் பக்கத்து நகர். அவருடைய மகன் லிம் சோங் பாங். அவர் பெயரில் இருந்த சோங் பாங் கிராமம் செம்பவாங்கில்தான் இருந்தது. கிராமத்தைக் கலைத்த பிறகு பெயர் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஈசூனுக்குப் போய்விட்டது. இன்று சோங் பாங் சந்தை இருப்பது ஈசூன் வட்டச் சாலையில். ஆனால் பேர்பெற்ற சோங் பாங் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையோ செம்பவாங் சாலையில். புதிதாக வருபவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே தடுமாறுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும், மன்னிக்கவும். நேவல் பேஸ் பெயரைத் தாங்கிய தொடக்கப்பள்ளியும் ஈசூனில்தான் இருக்கிறது.

சாலைகளின் பெயரைக் கேட்டால் உலகப் பயணம் போன மாதிரி இருக்கும். வெல்லிங்டன், டர்பன், மாண்ட்ரியல், கான்பெரா என்று பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் சாம்ராஜ்யத்தையே எங்கள் தெருக்களில் எழுதிவிட்டுப் போனார்கள். தாத்தாவுக்கு ஆஸ்திரேலியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கான்பெராவில் எந்த வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும் என்று தெரியும்.

அவருக்குக் கப்பல் அடியில் துரு சுரண்டிச் சாயம் அடிக்கும் வேலை. 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கிங் ஜார்ஜ் ஆறாம் உலர்துறையில் (நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) நின்று அண்ணாந்து பார்த்தால் கப்பல் ஒரு கட்டடம் மாதிரி இருக்குமாம். மூன்று கால்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு நீளம். பிரிட்டன் படைகளைத் திரும்ப அழைக்கப் போகிறது என்ற செய்தி வந்தபோது குவார்ட்டர்ஸில் பல வீடுகளில் அடுப்பு எரிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை என்பார் பாட்டி. அத்தனை பேருக்கும் சோறு போட்டது அந்தத் தளம்தான். 1968 டிசம்பரில் பெயருக்கு ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு துறையைச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்தார்கள். அது செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. தாத்தாவுக்கு வேலை நிலைத்தது. சம்பளம் கொடுப்பவர் மாறினார், கையில் இருந்த சுத்தியல் அதேதான். பிறகு அப்பாவும் அங்கேயே சேர்ந்தார்.

பட்டறையின் சங்குதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். "சங்கு ஊதிருச்சு, இன்னும் குளிக்கலையா?" என்பது அம்மாவின் தினசரி வசனம். இப்போது அந்தக் கரையையும் புதிதாக மாற்றியமைக்கும் திட்டம் இருக்கிறது. அப்பா அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. "பாப்போம்" என்பார், அவ்வளவுதான்.

கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. நேவல் பேஸ் தொழிலாளர்கள் 1960களில் கான்பெரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் முருகனைக் கும்பிடத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் ஆனது. தொண்ணூறுகளில் அந்த இடத்தை விட்டு ஈசூன் தொழிற்பேட்டைக்குள் போனது. மரத்தின் பெயர் மட்டும் கூடவே வந்தது. சுற்றிலும் பட்டறைகள், கிடங்குகள், சரக்கு லாரிகள், நடுவில் கோபுரம். முதல்முறை வருபவர்கள் முகவரி தப்போ என்று சந்தேகப்படுவார்கள்.

தைப்பூசம் நாடு முழுவதற்கும் பொது. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை போகும், எல்லாரும் பார்ப்பார்கள், தொலைக்காட்சியில் வரும். பங்குனி உத்திரம் எங்களுடையது. எந்தக் காவடி எந்தக் குடும்பத்துடையது, யார் எத்தனையாவது வருடம் எடுக்கிறார், யார் போன வருடம் நேர்ந்துகொண்டு இன்னும் எடுக்கவில்லை என்பது வரை தெரிந்த கூட்டம். பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். அப்பா இன்றும் அவரைப் பார்த்தால் கொஞ்சம் விறைப்பாகிவிடுவார், இவருக்குச் சாம்பார் ஊற்றுவதே அவர்தான் என்றாலும்!

வெந்நீர் ஊற்று 1909இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருகாலத்தில் அதன் நீரைப் புட்டியில் அடைத்து விற்றார்களாம். 2020இல் அதைப் பூங்காவாக்கித் திறந்தார்கள். ஊற்றில் நீர் 70 டிகிரி. படிப்படியாக இறங்கி வரும்போது கால் வைக்கிற சூட்டுக்கு ஆறிவிடும். முட்டை வேகவைக்கவும் தனியாக ஓர் இடம் உண்டு. எனக்கு நினைவில் இருப்பது அதற்கு முந்தைய கோலம். முள்கம்பி வேலிக்கு நடுவே ஒரு நடைபாதை, முடிவில் சில குழாய்கள், அவ்வளவுதான். சீனப் பாட்டிகள் பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து, கால்களை முக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். முட்டி வலிக்கு என்று என் அம்மாவும் போவார். யாருக்கும் யார் மொழியும் தெரியாது. ஆனால் அம்மாவின் காலைப் பார்த்து ஒரு பாட்டி தன் வாளியை நகர்த்திக் கொடுத்து, விரலால் 'இன்னும் ஆழமாக' என்று சைகை காட்டியதை அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அழகாக இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, நிழல் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். வார இறுதியில் இடம்தான் கிடைப்பதில்லை.

கடற்கரைப் பூங்காவில் மாலையில் நின்றால் எதிரே ஜொகூர். பாசிர் கூடாங் துறைமுகத்தின் விளக்குகள் அவ்வளவு பக்கம். படகுத் துறையில் நண்டு வலை போடுபவர்கள், கையில் தொலைபேசி. அந்தத் தொலைபேசி திடீரென்று 'மலேசியாவுக்கு வரவேற்கிறோம்' என்று குறுஞ்செய்தி அனுப்பும். கடப்பிதழ் இல்லாமல், காலைக்கூட நனைக்காமல் வெளிநாடு போய்விட்டு வருபவர்கள் நாங்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கட்டணம் ஏறிவிடுமோ என்று பதறுவார்கள். பழையவர்கள் அணைத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

குறைகளும் உண்டு. 1996 வரை எம்ஆர்டி ரயில் பிடிக்க ஈசூனுக்குப் பேருந்தில் போக வேண்டும். கான்பெரா நிலையம் 2019இல்தான் வந்தது. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போய்வருவது இன்றும் பாதி நாள் வேலை. நியூட்டனில் மாறி ஒரு நிலையம்தான் என்றாலும், நியூட்டன் வரைக்கும் போக வேண்டுமே! 2023இல் 167ஆம் எண் பேருந்தை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. செம்பவாங்கிலிருந்து அப்பர் தாம்சன், ஆர்ச்சர்ட் வழியாக புக்கிட் மேரா வரை போகும் பேருந்து. புதிய ரயில் பாதை வந்த பிறகு அதில் ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள். உண்மையைச் சொன்னால் நானே அதில் ஏறி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அப்படியிருந்தும் சொந்த அத்தையை வீட்டைவிட்டு அனுப்பப் போகிற மாதிரி கோபம் வந்தது. எங்கள் புளோக் மின்தூக்கியில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. கடைசியில் மக்கள் குரலைக் கேட்டு, அரை மணிக்கு ஒன்று என்று விட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகும் நான் அதில் ஏறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. இணையத்தில் ஈசூனை வைத்து நடக்கும் கேலி சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். எங்கே என்ன கோளாறு நடந்தாலும் "ஈசூன்தானே?" என்பார்கள். செம்பவாங்கில் இருக்கும் நாங்களும் சேர்ந்துதான் சிரிப்போம். ஆனால் ஜூரோங்கிலிருந்து ஒருவர் வந்து சிரிக்கட்டும், உடனே ஈசூன் எங்கள் பங்காளி ஆகிவிடும்.

சரி, இந்தப் பதிலை எழுதத் தூண்டியது போன பங்குனி உத்திரத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம். பந்தியில் பக்கத்தில் ஒரு தம்பி, முப்பது வயது இருக்கும். மன்னார்குடிப் பக்கம், இங்கே கட்டுமான வேலை. வழக்கமான கேள்வி வந்தது: "அண்ணே, உங்களுக்கு ஊர் எது?" செம்பவாங் என்றேன். சிரித்தார். "இல்லண்ணே, சொந்த ஊரு?" மறுபடியும் செம்பவாங் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், நம்பிய மாதிரி தெரியவில்லை.

அப்புறம் நான் கேட்டேன், இங்கே எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று. இப்போது வேறு பக்கம் மாற்றிவிட்டார்களாம். "வந்த புதுசுல இங்கதாண்ணே இருந்தோம். புக்கிட் கான்பெரா கட்டுறதுக்கு முன்னாடி ஒரு காடு இருந்துச்சுல்ல? அதுக்கு எதிர்த்தாப்புல போற ரோட்டுல."

புக்கிட் கான்பெராவில் இப்போது உணவங்காடி, நீச்சல் குளம், பலதுறை மருந்தகம் எல்லாம் இருக்கின்றன. உணவங்காடியே 2022 கடைசியில் திறந்தது. அதற்கு முன்பு அந்தக் குன்று முழுக்க மரங்கள், உள்ளே பழைய அட்மிரல்டி மாளிகை.

"அந்தக் காடுதானே, ராத்திரியில தவளை கத்துமே?" என்றேன்.

"ஆமாண்ணே, தூங்கவே விடாது!" என்று இலையைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டு, எந்த மழைக்கு எந்த வாய்க்கால் நிறையும் என்று சொல்ல ஆரம்பித்தார். பந்தி முடிந்து அடுத்த பந்திக்கு இலை போட ஆட்கள் வந்து எங்களை எழுப்ப வேண்டியிருந்தது.