கிட் தேடினால் டிஜிட்டல் வருகிறதே!

பெரம்பூரில் நான் நடத்தும் சனிக்கிழமை லினக்ஸ் வகுப்புக்கு வந்த கேள்விகள் இவை. எல்லாமே உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுடையவை. அங்கே பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) தேடவும் நிறுவவும் நீக்கவும் உதவும் கட்டளைதான் ‘ஆப்ட்’.

கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவு வைக்கும் கருவி) வேண்டுமென்று ‘ஆப்ட் சர்ச் கிட்’ என்று அடித்தேன். சம்பந்தமே இல்லாத பேக்கேஜ்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஏன் சார்? (ராயபுரம் மாணவர்)

டிஜிட்டல் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள் தம்பி. நடுவில் கிட் (ஜி-ஐ-டி) உட்கார்ந்திருக்கிறது! ஆப்ட் பெயரோடு நிற்பதில்லை, நீளமான விவரக் குறிப்பு முழுவதையும் துழாவுகிறது. ஆனால் திரையில் காட்டுவது ஒற்றை வரிச் சுருக்கம்தான், அதனால் எங்கே பொருந்தியது என்று தெரிவதில்லை. ‘--ஃபுல்’ சேர்த்தால் தெரியும். பெயரில் மட்டும் தேட ‘--நேம்ஸ்-ஒன்லி’. கிட் என்ற அந்த ஒன்று மட்டும் போதுமென்றால் ‘^கிட்$’ (பெயரின் தொடக்கமும் முடிவும் அதுவே என்று அர்த்தம்), மேற்கோள் குறிக்குள்.

பெயரில் மட்டும் தேடினால் தமிழ் எழுத்துருக்கள் சிக்கவில்லையே? (தண்டையார்பேட்டை டிடிபி கடைக்காரர்)

மேலே சொன்ன வைத்தியம் இங்கே கவிழ்த்துவிடும். எழுத்துரு பேக்கேஜ்களின் பெயரில் இருப்பது டி-ஏ-எம்-எல் என்ற நாலெழுத்து, தமிழ் எழுத்துமுறைக்கான ஐஎஸ்ஓ 15924 குறியீடு. நடுவில் ‘ஐ’ கிடையாது. லோஹித் தமிழ் எழுத்துருவும் இந்த வால் பிடித்துத்தான் கிடைக்கும். லிப்ரே ஆபீஸின் தமிழ் இடைமுகம் வேண்டுமென்றால் கடைசியில் டி-ஏ மட்டும், அது மொழிக்கான குறியீடு.

ஹோம் ஃபோல்டரில் ‘ஆப்ட் சர்ச் பைத்தான்*’ கொட்டுகிறது, டவுன்லோட்ஸில் நின்று அடித்தால் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டருக்கு வைரஸா? (வியாசர்பாடி)

வைரஸ் இல்லைங்க. டவுன்லோட்ஸில் பைத்தான் என்று தொடங்கும் பிடிஎஃப் ஏதாவது கிடக்கும், பாருங்கள். நட்சத்திரத்தை முதலில் பார்ப்பது பாஷ், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் புரோகிராம். பொருந்தும் ஃபைல் இருந்தால் அந்த ஃபைல் பெயரையே ஆப்டிடம் கொடுத்துவிடும். அந்தப் பெயரில் பேக்கேஜ் ஏது? நானே ஒருமுறை இதற்காக அரை மணி நேரம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹோமில் அப்படி ஃபைல் இல்லாததால் நட்சத்திரம் அப்படியே போய்ச் சேர்ந்தது. அங்கேயும் நீங்கள் நினைத்த அர்த்தம் இல்லை. ஆப்ட் சர்ச்சுக்கு அது ரெக்எக்ஸ் (தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை) குறி: ‘முந்தைய எழுத்து எத்தனை முறை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி’. அதாவது பைத்தானின் கடைசி ‘என்’ எழுத்து இல்லாமலே பொருந்திவிடும். நட்சத்திரத்தைத் தூக்கிவிடுங்கள், அது இல்லாமலே பாதிச் சொல்லுக்கும் பொருந்தும். பேக்கேஜ் பட்டியல் காட்டும் ‘ஆப்ட் லிஸ்ட்’டில்தான் அது வேண்டும், அதுவும் மேற்கோள் குறிக்குள்.

நீக்கிய பேக்கேஜின் பக்கத்தில் ‘ரெசிடுவல்-கான்ஃபிக்’ என்று வருகிறது. (திருவொற்றியூர்)

ஆள் போய்விட்டார், செட்டிங் ஃபைல்கள் மட்டும் தங்கிவிட்டன. ‘ஆப்ட் பர்ஜ்’ போட்டால் அவையும் போய்விடும். எதையாவது கைப்பட மாற்றியிருந்தால் முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.