கைப்பேசி வழியாகக் கேட்டல் பயிற்சி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஹியரிங் எய்டு அணிந்தும், "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்கிறார். கைப்பேசிச் செயலியில் பயிற்சி எடுத்தால் சரியாகுமா?

பதில்: முதுமையில் வரும் செவித்திறன் குறைவில் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்கும். உயிரோசைகள் காதில் விழுந்தும் ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிடுவதால்தான் உங்கள் தந்தை அப்படிச் சொல்கிறார். கருவி ஒலியைப் பெருக்கித் தருமே தவிர, உட்செவி இழந்த நுட்பத்தை மீட்டுத் தராது. கிடைக்கிற ஒலியிலிருந்து சொல்லை இனங்காண மூளையைப் பழக்குவதே பயிற்சியின் வேலை. ஆனால் அதற்கு முன், காதுக்குள் மெல்லிய குழாயை வைத்து அளக்கும் சோதனை செய்து, கருவி அவருடைய ஆடியோகிராமுக்கு (செவித்திறன் அளவைக் காட்டும் வரைபடம்) பொருந்த அமைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் வல்லுநர்) உறுதிசெய்யுங்கள். தவறாக அமைந்த கருவியோடு எடுக்கும் பயிற்சி வீண்.

கேள்வி: செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே, ஆங்கிலம் அறியாத அம்மாவுக்கு என்ன வழி?

பதில்: கைப்பேசியின் குரல் பதிவு வசதியே போதும். அவர் நாள்தோறும் கேட்க வேண்டிய குரல்களில், அதாவது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் குரல்களில், "பட்டு, தட்டு, கட்டு" என முதல் ஒலி மட்டும் மாறும் சொற்களைப் பதிவு செய்து, வரிசையைக் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். நேரில் சொன்னால் உதட்டசைவே 'ப'வைக் காட்டிக்கொடுத்துவிடும்; பதிவில் காது மட்டுமே துணை. ல, ள, ழ வேறுபாட்டில் தொடங்காதீர்கள். நம்மில் பலர் பேச்சில் அவற்றைப் பிரித்து ஒலிப்பதில்லை என்பதால், அதை வைத்து அவரைச் சோதிப்பது நியாயமன்று. சொற்கள் பிடிபட்டதும் "தட்டை எடுத்து வை", "கட்டை எடுத்து வை" என வாக்கியங்களுக்குச் செல்லுங்கள். பிறகு மின்விசிறியின் இரைச்சலிலும், அதன்பின் தொலைக்காட்சி ஓடும்போதும் அதே பதிவுகளைக் கேட்கச் செய்யலாம். களைப்பு வருமுன் நிறுத்திவிடுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும்.

கேள்வி: இத்தகைய பயிற்சிக்கு அறிவியல் ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. பயின்ற பணியில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது. அது அன்றாட உரையாடலில் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதில்தான் முடிவுகள் வேறுபடுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உருவான 'லேஸ்' (LACE) என்ற கேட்டல் பயிற்சியை அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், கருவி மட்டும் பெற்றவர்களைவிடப் பயிற்சியும் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆகவே செயலி தரும் மதிப்பெண்ணை நம்பாமல், வீட்டுப் பேச்சில் "என்ன?" என்று திருப்பிக் கேட்பது குறைகிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: நேரில் பேசினால் புரிகிறது, தொலைபேசியில் புரியவில்லை. ஏன்?

பதில்: பழைய முறை அழைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகின்றன, 'ஸ்' ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. இரு முனையிலும் வசதி இருந்தால் வோல்ட்டி (VoLTE, 4ஜி வலையமைப்பு வழியாகச் செல்லும்) அழைப்பு சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை தரும். கருவியில் புளூடூத் இருந்தால் அழைப்பை நேரே அதற்குள் வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு நாட்களாக ஒரு காது திடீரென்று கேட்கவில்லை. எந்தச் செயலியில் தொடங்கலாம்?

பதில்: எதிலும் வேண்டாம். திடீர்ச் செவித்திறன் இழப்பு அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, கேட்கும் திறன் மீளும் வாய்ப்பு அவ்வளவு கூடும். இன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.