சாமி காரியம் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளைப் பல வருடமாகப் படித்துவருகிறேன். நாங்கள் சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருக்கிறோம். மகள் பிறந்து வளர்ந்தது இங்கேதான், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அங்கே பாண்டர்மன் ஃபெலோஷிப் என்று ஒன்று உண்டு. தேர்வானால் எட்டு மாதம் உலகம் சுற்றப் பணம் கொடுப்பார்கள், ஆனால் தனியாகத்தான் போகவேண்டும். விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறாள். எனக்கும் மனைவிக்கும் தூக்கமே இல்லை. பெண்பிள்ளை, அதுவும் தனியாக. கூடப் படித்தவர்கள் வேலைக்குச் சேரும் நேரத்தில் இவளுக்கு ஒரு வருடம் போய்விடும், ரெஸ்யூமேயில் அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது? ஆனாலும் தடுக்கவில்லை. அவள் எழுதிய கட்டுரை ரொம்ப விளையாட்டாக இருந்ததால் நானே உட்கார்ந்து திருத்தி, பெண்கள் முன்னேற்றம், பருவநிலை மாற்றம் பற்றிய ஆய்வு என்று சேர்த்து வலுவாக்கியிருக்கிறேன். இணைத்துள்ளேன். இது தேறுமா, எந்த நாடுகளைப் போட்டால் வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடியுமா?

கே., பெல்வியூ

அன்புள்ள கே.,

விண்ணப்பம் தேறுமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் நீங்கள் இணைத்த கோப்பு. திருத்தங்களை மறைக்காமல் அப்படியே அனுப்பிவிட்டீர்கள். உங்கள் மகள் எழுதியது கறுப்பில், நீங்கள் அடித்ததும் சேர்த்ததும் சிவப்பில். ஒரு பத்தி முழுக்கச் சிவப்புக் கோடு, ஓரத்தில் 'நாட் ரெலவன்ட்' என்று உங்கள் குறிப்பு. அந்தப் பத்தியில் அந்தப் பெண் என்ன எழுதியிருக்கிறாள் என்று நிஜமாகவே படித்தீர்களா?

பரீட்சை முடிந்த நாட்களில் சியாட்டில் துறையில் பெய்ன்பிரிட்ஜ் தீவுக்குப் படகு ஏறுவாளாம். முப்பத்தைந்து நிமிடம். நடந்து ஏறுபவர்களுக்குப் போகும்போதுதான் டிக்கெட், திரும்பி வரக் காசில்லை. அக்கரையில் இறங்கி, தீவில் எதையும் பார்க்காமல், அடுத்த படகில் திரும்பிவிடுவாள். படகின் மேசைகளில் யாரோ பாதி சேர்த்துவிட்டுப் போன ஜிக்சா படங்கள் கிடக்கும், அதில் ஒரு துண்டை வைத்துவிட்டு இறங்குவாள், அடுத்தமுறை வரும்போது அந்த வானமோ வீடோ முடிந்திருக்கிறதா என்று தேடுவாள். மற்ற ஊர்களில் தினமும் தண்ணீரைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் படகில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான் என்று முடித்திருக்கிறாள்.

இதை அடித்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் எழுதியது: 'வளரும் நாடுகளின் கடலோரப் பெண்களின் வாழ்வாதாரத்தில் பருவநிலை மாற்றத்தின் தாக்கத்தை ஆவணப்படுத்துதல்'. கே., உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. கடலோரப் பெண்கள் உங்களிடம் கேட்டார்களா, எட்டு மாதத்துக்கு ஒரு கல்லூரிப் பெண்ணை அனுப்பி எங்களை ஆவணப்படுத்துங்கள் என்று? அதைவிட, அந்த உதவித்தொகையின் விதிகளை நீங்கள் படிக்கவே இல்லை. குறைந்தது இரண்டு நிலப்பகுதி, ஆறு நாடு, தனியாக. பாடம் படிக்கக்கூடாது, ஆராய்ச்சி செய்யக்கூடாது, எந்த அமைப்போடும் சேர்ந்து போகக்கூடாது. ஆராய்ச்சி கூடாது என்று எழுதிவைத்திருக்கும் இடத்துக்கு ஆராய்ச்சித் திட்டத்தோடு போகிறீர்கள்.

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், என் பெரியம்மாவை வைத்து. கும்பகோணம் பக்கத்துக் கிராமம், கூட்டுக் குடும்பம், அடுப்படியைவிட்டு அவர் நகர்ந்தால் பத்துப் பேர் சாப்பாட்டுக்கு நிற்பார்கள். அவருக்கு ஊர் பார்க்கிற பைத்தியம். சும்மா போய்வருகிறேன் என்று எந்த வீட்டில் விட்டார்கள்? கல்யாணம், சாவு, பிரசவம், வைத்தியம், இவற்றை விட்டால் சாமி. அதனால் பெரியம்மா சாமியைப் பிடித்துக்கொண்டார். வருடத்துக்கு ஒருமுறை ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போவார். கூடத் துணைக்கு நான். ராகு சரியில்லை, திருநாகேஸ்வரம் போய்ப் பாலாபிஷேகம் செய்யுங்கள் என்பார் அவர். திருநாகேஸ்வரம் எங்களுக்கு டவுன் பஸ் தூரம். பெரியம்மா வெற்றிலைத் தட்டில் இன்னொரு பத்து ரூபாயை வைத்துவிட்டு, "ஜோசியரே, இன்னும் கொஞ்சம் தூரமா ஒரு கோயில் இருந்தா சொல்லுங்களேன்" என்பார். ஜோசியர் சிரிக்கவே மாட்டார், கட்டங்களை மறுபடி பார்த்துவிட்டுக் காளஹஸ்தி என்பார். ஒருமுறை இருபது ரூபாய்க்குக் காசியே கிடைத்தது.

வீட்டில் பெரியப்பா முனகுவார், அப்புறம் "சரி, சாமி காரியம்" என்று விட்டுவிடுவார். திரும்பி வந்தபின் பெரியம்மா சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. காசியில் கங்கை வடக்குப் பக்கம் ஓடுகிறது, தசாஸ்வமேத கட்டத்தில் படகுக்காரர்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்டு பிறகு ஒரே பீடியைக் குடித்தார்கள், அங்கே பாலை மண் குவளையில் கொடுத்துவிட்டுக் குவளையை உடைக்கிறார்கள், இதுதான் பேச்சு. விபூதிப் பிரசாதம் மஞ்சள் பையிலேயே கிடக்கும், அம்மா நினைவுபடுத்தினால்தான் எடுப்பார்.

நீங்கள் உங்கள் மகள் விண்ணப்பத்தில் சேர்த்தது பரிகாரம், கே. வேறொன்றுமில்லை. பெண்கள் முன்னேற்றம், பருவநிலை, எல்லாம் சாமி காரியம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசைப்பட்டதைச் செய்யத் தெரிகிறது, ஆசைப்படுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் கூசுகிறது. மருத்துவம் படிக்கிறவள் ஏழைகளுக்குச் சேவை செய்ய என்கிறாள், கேமரா வாங்குகிறவன் அழியும் கலைகளைப் பதிவுசெய்ய என்கிறான். கேட்கிறவர்களுக்கும் அது பொய்யென்று தெரியும், ஆனால் பொய் இல்லாவிட்டால் அனுமதி கிடையாது. பெரியம்மாவுக்கு வேறு வழியில்லை, அவரை நான் கும்பிடுகிறேன். உங்கள் மகளுக்கு என்ன வந்தது? காரணமே வேண்டாம், போ என்று 1995இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது, அங்கே போய் அவளை ஏன் பொய் சொல்ல வைக்கிறீர்கள்?

அந்தக் காசைக் கொடுத்த டேவிட் பாண்டர்மன் ஒன்றும் சாமியார் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி படித்தவர், ஹார்வர்டில் சட்டம் முடித்ததும் ஷெல்டன் உதவித்தொகையில் வெளிநாடு சுற்றியவர், பிறகு டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிக் கோடிகள் சேர்த்தவர், ரயன்ஏர் விமான நிறுவனத்தின் தலைவராகப் பல வருடம் இருந்தவர். 2024 டிசம்பரில் காலமானார். வாழ்க்கையையே லாப நஷ்டக் கணக்கில் கழித்தவர், இந்த ஒன்றில் மட்டும் திரும்ப என்ன தருவாய் என்று கேட்கவில்லை. அவருக்கு ரொம்ப முன்னால் பாரிஸில் ஆல்பர் கான் என்றொரு பாங்கர் இருந்தார். 1898இல் இளம் ஆசிரியர்களுக்கு உலகம் சுற்றப் பணம் கொடுக்க ஆரம்பித்தார், 1905இலிருந்து பெண்களுக்கும் கொடுத்தார். கவனியுங்கள், 1905. உங்களுக்கு இப்போது தூக்கம் வரவில்லை. அந்தப் பணத்தில் 1912இல் டிக்கின்சன் என்கிற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் இந்தியாவுக்கு வந்தார். நம் ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை, சீனாதான் பிடித்தது, அறிக்கையிலும் அதை மறைக்கவில்லை. நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் பிடிக்கவில்லை என்று திரும்பிவந்து சொல்லவும் அந்தப் பணத்தில் இடம் இருந்தது. உங்கள் திட்டப்படி போனால் உங்கள் மகள் எல்லா ஊரிலும் நெகிழ்ந்துதான் ஆகவேண்டும்.

மற்ற கேள்விகள். ரெஸ்யூமே இடைவெளி பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. பாதுகாப்புக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொரு நாட்டுக்கும் 1 முதல் 4 வரை எண் போட்டுவைத்திருக்கிறது, அதைப் பாருங்கள். விசா கவலையும் உங்களுக்குப் பெரிதாக வேண்டாம், அவள் கையில் இருப்பது அமெரிக்கப் பாஸ்போர்ட். நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பிய விசாவுக்கு ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட்டோடு நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தூக்கம் வராததை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். பெரியம்மா காசிக்குப் போன நாட்களில் பெரியப்பா திண்ணையில்தான் படுத்தார், தபால்காரர் சைக்கிள் மணி உள்ளே கேட்காது என்று காரணம் சொன்னார், தபால்காரர் வருவதோ பகல் பதினொரு மணிக்கு. நீங்களும் படுங்கள், தப்பில்லை. ஆனால் தினம் ராத்திரி வீடியோ காலில் வந்து இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், கதவைப் பூட்டினாயா என்று கேட்கும் வேலை வேண்டாம். வாரம் ஒருநாள் போதும். தனியாக என்றால் அப்பாவும் கூட இல்லாமல்தான்.

கட்டுரையில் உங்கள் சிவப்பை முழுக்க நீக்கிவிட்டு அவளிடமே கொடுத்துவிடுங்கள். தேறுமா தேறாதா என்று எனக்குத் தெரியாது, நிறையப் பேர் போடுவார்கள், சிலருக்குத்தான் கிடைக்கும். நேர்காணலில் ஏன் படகு என்று கேட்டால் அவள் அரைமணி நேரம் பேசுவாள். கடலோரப் பெண்கள் ஏன் என்று கேட்டால் உங்களுக்குத்தான் போன் போடவேண்டியிருக்கும்.

எந்த நாடுகள் என்று கேட்டிருந்தீர்கள். வாய்ப்புக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, படகு என்றால் சொல்வேன். இஸ்தான்புல்லில் காலையில் ஆசியக் கரையிலிருந்து ஐரோப்பியக் கரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் டீ குடித்துக்கொண்டே போவார்கள். டாக்காவின் சதர்காட்டில் சாயங்காலம் லாஞ்சுகள் என்கிற பெரிய பயணிகள் படகுகள் தெற்கே கிளம்பும். இந்தோனேசியாவில் பெல்னி என்கிற அரசு நிறுவனத்தின் கப்பல்களில் தீவு தீவாகப் போகலாம். ஆப்பிரிக்காவில் டாங்கனீகா ஏரிக்கரைக்குப் போனால் லியெம்பா என்ற கப்பலைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். 1913இல் ஜெர்மனியில் கட்டி, பிரித்து, பெட்டி பெட்டியாகக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி அங்கே கொண்டுபோய்ப் பூட்டினார்கள், முதல் உலகப்போர் நடுவே 1916இல் எதிரி கையில் சிக்கக்கூடாதென்று இன்ஜினுக்கு கிரீஸ் தடவி அவர்களே மூழ்கடித்தார்கள், 1924இல் ஆங்கிலேயர்கள் வெளியே எடுத்து 1927இல் மறுபடி ஓடவிட்டார்கள். சிலியில் புவேர்ட்டோ மோன்ட்டிலிருந்து தெற்கே புவேர்ட்டோ நத்தாலெஸ் வரை நாலு நாள் கப்பல், பாதித் தூரம் மழையும் மலையும்தான். ஜூன், ஜூலையில் அங்கே கடும் குளிர், ஜனவரியை ஒட்டிப் போகட்டும், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.