பல இனத்தவர் வாழும் நாட்டில் சமூகப் பணி செய்ய, ஒவ்வோர் இனத்தின் வழக்கங்களையும் படித்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

கேட்டவர் சென்னையில் ஐந்தாண்டுகள் சமூகப் பணியாளராக இருந்துவிட்டு நியூசிலாந்துக்குக் குடிபெயர இருக்கிறார். அங்கே பதிவு பெறுவதற்கு, வெவ்வேறு இன, பண்பாட்டுக் குழுக்களோடு பணிசெய்யும் திறனைக் காட்ட வேண்டும் என்றிருப்பதால், எந்தெந்த இனத்தவரின் வழக்கங்களை இப்போதே படித்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் கேட்கிறார். வேலைக்கான நேர்காணலைப் பற்றியும் கேட்கிறார்.

மதுரையில் சமூகப் பணி படித்த நான் ஆக்லாந்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகள் நலப் பணியில் இருக்கிறேன். வந்த புதிதில் நானும் இப்படி ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்தவர் வீட்டில் செருப்பைக் கழற்ற வேண்டும், மூத்தவர் உட்கார்ந்திருக்கும்போது நாம் நின்றுகொண்டு பேசக் கூடாது, இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரியர் இடத்தில் மேசைமேல் உட்காரக் கூடாது, பிறர் தலையைத் தொடக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அவை தவறில்லை, ஆனால் அந்த ஏடு எனக்குக் கைகொடுத்த இடங்களைவிடக் காலை வாரிவிட்ட இடங்களே அதிகம். கீழே வரும் நிகழ்ச்சிகளில் ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு சமோவாப் பாட்டியின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் பார்த்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வெளிச்சம் இருந்தும் கதவு திறக்கவில்லை. "குடும்பம் ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதிவிட்டேன். அதைப் படித்த என் மேற்பார்வையாளர், அந்தப் பாட்டியின் வயது என்ன, 1970களில் எங்கே இருந்திருப்பார் என்று மட்டும் கேட்டார். 1974 முதல் 1976 வரை, விசாக் காலம் கடந்து தங்கியவர்களைத் தேடுவதாகச் சொல்லி, ஆக்லாந்தில் பசிபிக் தீவினரின் வீடுகளுக்குள் விடியற்காலையில் காவல்துறையினர் புகுந்து சோதனையிட்டார்கள். அப்படித் தங்கியவர்களில் பெரும்பாலோர் பசிபிக் தீவினர் அல்லர் என்றாலும் வேட்டை அவர்கள்மீதே நடந்தது. 2021 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், சமோவாக்காரர்கள் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி தலைக்கு மேல் பாயைப் போர்த்தச் செய்து, அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நான் கதவைத் தட்டியது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. செருப்பைக் கழற்றத் தெரிந்த எனக்கு, அரசு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த வேளையில் அந்த வீட்டு வாசலில் நிற்பது என்னவாகத் தோன்றும் என்று தெரியவில்லை.

ஆகவே வழக்கங்களுக்கு முன்பு, நீங்கள் வேலைக்குச் சேரப்போகும் துறை அந்த மக்களுக்கு என்ன செய்தது என்பதைப் படியுங்கள்.

நான் பதிவு செய்தபோது சமூகப் பணியாளர் பதிவு வாரியம் கேட்ட பத்துத் தகுதிகளில், நீங்கள் குறிப்பிடுவது இரண்டாவது. முதலாவது மாவோரியரோடு பணிசெய்யும் திறன். "மாவோரியரும் ஓர் இனம்தானே, இரண்டாவதற்குள் அடக்கிவிடலாமே" என்று நானும் அன்று நினைத்தேன். அடங்காது. 1840இல் பிரிட்டிஷ் முடியரசோடு வைதாங்கி உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஒரு தரப்பு அவர்கள். நீங்களும் நானும் அந்த உடன்படிக்கை பெற்ற நிலத்தில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். பல வண்ணப் பூக்களில் ஒரு பூ என்று அவர்களைப் பேசினால், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வார்கள். அதற்குமேல் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகள் நலத்தில் இந்த வேறுபாடு எப்படிச் சட்டமானது என்பது தனிக் கதை. மாவோரியரிடத்தில் பிள்ளையைப் பாட்டியோ பெரியம்மாவோ வாங்கி வளர்க்கும் 'ஃபாங்காய்' என்ற வழக்கம் உண்டு. பெற்றவர் யார், வளர்ப்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும், பிள்ளைக்கும் தெரியும். நம் ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டமோ, முன்பின் தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைத்துப் பிறப்பின் தொடர்பை மூடி முத்திரையிட்டது. ஒரு பக்கம் இது. மறுபக்கம், வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு அரசு இல்லங்களில் அடைக்கப்பட்ட மாவோரிப் பிள்ளைகள். 1980களில் தூஹோ பழங்குடியின் மூத்தவரான ஜான் ராங்கிஹாவு தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகச் சென்று மக்களைக் கேட்டது. 'விடியல்' என்று பொருள்படும் 'புஆஓ தே அத்தா தூ' என்ற பெயரில் 1988இல் வெளிவந்த அதன் அறிக்கை, நலத்துறையின் கட்டமைப்பிலேயே இனப்பாகுபாடு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னது. மறுஆண்டே புதிய சட்டம் வந்தது. அதன் நடுநாயகம் 'குடும்பக் கூட்டம்'.

நான் இந்த நாட்டில் கற்றதில் பாதி அந்தக் கூட்டங்களில் கற்றது. பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று முடிவானால், அப்பா, அம்மாவோடு நில்லாமல் தாத்தா, பாட்டி, மாமன், அத்தை என்று 'ஃபானௌ' எனப்படும் விரிந்த குடும்பத்தை ஓர் ஒருங்கிணைப்பாளர் கூட்டுவார். எங்கே கூடுவது, எந்த முறையில் தொடங்குவது என்பதில் குடும்பத்தின் விருப்பத்துக்கு இடம் உண்டு. சமூகப் பணியாளர், ஆசிரியர், மருத்துவர், காவலர் ஆகியோர் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், கேட்கும் ஐயங்களுக்குப் பதில் தர வேண்டும். அதன் பிறகு, குடும்பத்தார் இருக்கச் சொன்னாலொழிய, வெளியே போய்விட வேண்டும். அவர்கள் தனியே பேசித் திட்டம் வகுத்த பிறகே மீண்டும் உள்ளே அழைப்பார்கள். அத்திட்டம் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று எங்களுக்கும் பட்டால் ஒப்புக்கொள்வோம். படாவிட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

என் முதல் கூட்டம் ஒரு மராயில் நடந்தது. மராய் என்பது ஒரு குலத்துக்குச் சொந்தமான கூடுமிடம். கூடமும் முற்றமும் சாப்பாட்டு அறையும் சேர்ந்தது. நான் இருபது நிமிடம் பேசினேன். பையில் ஒரு திட்டம் தயாராக இருந்தது: பிள்ளைகளின் பள்ளிக்கு அருகிலேயே ஒரு நல்ல வளர்ப்புக் குடும்பம். பிறகு எங்களை வெளியே அனுப்பினார்கள். இரண்டரை மணி நேரம் அடுப்படிப் பக்கம் நின்றேன். அங்கே சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் தேநீர் கொடுத்தார்கள். உள்ளே எழுந்த குரல்கள் சண்டையா, அழுகையா என்று அறிய நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர்கள் சிரித்ததும் நினைவிருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கி, சம்பளமும் வாங்குகிற நான், முடிவு எடுக்கப்படும் அறைக்கு வெளியே நிற்பது வேலையில் ஒரு பகுதி என்பதை ஏற்க எனக்கு அன்று கசப்பாகவே இருந்தது. உள்ளே போனபோது, நான் வரைந்த குடும்ப மரத்திலேயே இல்லாத ஓர் அத்தையின் பெயரைச் சொன்னார்கள். ரோட்டொருவா என்ற ஊரில் இருக்கும் அவர் பிள்ளைகளை அழைத்துப்போவார். தாயைச் சிகிச்சைக்குச் செவ்வாய்தோறும் தாய்மாமன் கூட்டிச்செல்வார். என் பையிலிருந்த தாளை நான் வெளியே எடுக்கவில்லை. நாலே மாதத்தில் தாய்மாமன் பங்கு சரிந்தது, இன்னொரு கூட்டம் போட வேண்டியிருந்தது. ஆனால் பிள்ளைகள் அத்தை வீட்டிலேயே வளர்ந்தார்கள்.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். 2023 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 18 விழுக்காடாக இருந்த மாவோரியர், அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருக்கிறார்கள். 2019இல் ஹாக்ஸ் பே பகுதி மருத்துவமனை ஒன்றில், பிறந்து சில நாளே ஆன மாவோரிக் குழந்தையைத் தாயிடமிருந்து எடுக்க நடந்த முயற்சி படம்பிடிக்கப்பட்டு வெளிவந்தபோது நாடே கொதித்தது. பல விசாரணைகள் நடந்தன. 2021இல், உடன்படிக்கை மீறல் பற்றிய மாவோரியரின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம், அரசு உடன்படிக்கையை மீறியதாகக் கூறியது. மாவோரிப் பிள்ளைகள் தொடர்பில் உடன்படிக்கைக் கடமைகளைக் குழந்தைகள் நலத்துறைமீது சுமத்திய, அந்தச் சட்டத்தின் 7ஏஏ பிரிவு 2019இல் நடைமுறைக்கு வந்தது, 2025இல் நீக்கப்பட்டுவிட்டது. 2024இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை, 1950 முதல் 2019 வரை அரசு மற்றும் மத நிறுவனங்களின் பராமரிப்பில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் கொடுமைக்கு ஆளானதாக மதிப்பிட்டது. பிரிவு நீங்கியதால் வாசலில் நிற்கும் பணியாளரின் கடமை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. இதில் என்னோடு உடன்படாத சக பணியாளர்களும் உண்டு.

"நம்மவர் குடும்பம் என்றால் எனக்கு எளிதாக இருக்கும்" என்று நீங்கள் நினைக்கலாம். என்னை அதிகம் தடுமாற வைத்தது ஓர் ஈழத் தமிழ்க் குடும்பம். தமிழ் தெரிந்தவள் என்பதால் என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் தமிழில் பேசத் தொடங்கியதும் அந்தத் தாய் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, நீங்கள் கோயிலுக்கு வாறனீங்களோ?" நான் அதை நெருக்கம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளிதோறும் வருவேன் என்றேன். அன்று முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை. வீட்டில் நடப்பது வெள்ளிக்கிழமை பிரகாரத்தில் பேச்சாகிவிடும் என்ற பயம் அது. அடுத்த வாரம் வேறொரு பணியாளரையும், வேறு ஊரிலிருந்து தொலைபேசி வழியே பேசும் மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்த பிறகே அவர் பேசினார். எனக்கு முன்பு அந்தக் குடும்பத்தைப் பார்த்த பணியாளர் பதினொரு வயது மகனையே மொழிபெயர்க்க வைத்திருந்தார்; தகப்பன் அடித்ததை மகன் வாயால் சொல்ல வைப்பதைவிடப் பெரிய தவறு இத்தொழிலில் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நாம் வாஞ்சையோடு கேட்கும் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை" என்ற கேள்விக்குள் சாதி ஒளிந்திருப்பதைக் கேட்கப்படுபவர் உடனே கண்டுகொள்வார். அந்தச் சுமையோடுதான் நாம் இங்கே வந்து இறங்குகிறோம்.

மறுபக்கப் பிழையும் உண்டு: அடியைப் பண்பாடு என்று விட்டுவிடுவது. "எங்கள் வழக்கத்தில் பிள்ளையை அடித்துத்தான் வளர்ப்போம்" என்று ஒருவர் சொன்னால், அந்த வழக்கத்தின் சார்பாகப் பேசும் உரிமை அவருக்கு யார் கொடுத்தது என்று அதே சமூகத்துப் பெண்களிடமும் இளையவர்களிடமும் விசாரியுங்கள். குடும்பக் கூட்டத்திலும், குரல் உயர்த்தும் சித்தப்பன் ஒருவர் அறையையே கையில் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தாயோ பிள்ளையோ சொல்ல நினைப்பதை முன்கூட்டியே தனியாகக் கேட்டு வைப்பதற்கு நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் வாரக்கணக்கில் அலைவார்கள்.

நேர்காணலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். இரிஹாபெத்தி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர் உருவாக்கி, 1992இல் செவிலியர் மன்றம் பாடத்திட்டத்தில் சேர்த்தது அது. பணியாளருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அது அளப்பதில்லை. பணி பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமையைப் பணியைப் பெற்றவரிடம் கொடுக்கிறது. பட்டியல் தயாரித்துப் படித்தவரைவிட, தவறிய ஓர் இடத்தையும் அதன்பின் செய்ததையும் நேராகச் சொல்பவரையே, நான் உட்கார்ந்த தேர்வுக் குழுக்கள் விரும்பியிருக்கின்றன. தொடக்கத்தில் உங்களை மாவோரி முறையில் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லலாம். மலை, ஆறு, முன்னோர் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பெயர் சொல்வது அந்த முறை. ஆக்லாந்து மலைகளில் ஒன்றை உங்களுடையது என்று சொல்லிவிடாதீர்கள். அவற்றுக்கு உரியவர்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடும். நான் மதுரையின் ஆனைமலையையும் வைகையையும் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று ஒரு மூத்தவர் கேட்டார்; பெரும்பாலும் இல்லை என்றேன். அதன் பிறகு அரை மணி நேரம் அவருடைய ஆற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.