மஞ்சு மூடிய மலையில் ஹெலிகாப்டருக்கு வழி காட்டுவது எது?

கேள்வி: கல்லாறு, பர்லியாறு பக்கம் மஞ்சு இறங்கிவிட்டால் எதிரே வரும் பேருந்தே தெரிவதில்லை. அங்கே தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு வழி காட்டும் கருவிகள் இல்லையா? இருந்தும் 2021இல் குன்னூர் அருகே விபத்து ஏன் நேர்ந்தது?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: கருவிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் பார்ப்பது வேறு. ரேடியோ உயரமானி கீழ்நோக்கி அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு உயரத்தைச் சொல்கிறது. சமவெளியில் அது பெருந்துணை. உங்கள் ஊருக்கும் குன்னூருக்கும் இடையிலோ தரை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர்கிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் ஹெலிகாப்டர் நொடிக்கு 55 மீட்டர் முன்னேறுவதால், கீழே பள்ளம் ஆழமாக இருப்பதைக் கருவி சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே பாறைச்சரிவு நெருங்கிவிடக்கூடும்.

இதற்காகவே நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி வந்தது. ஜிபிஎஸ் தரும் இடத்தையும் உயரத்தையும், தன்னுள் பதிந்த மலை வரைபடத்தோடு ஒப்பிட்டு, முன்னே மோதல் நேரும் என்றால் குரல் கொடுக்கும். வரைபடத்தில் ஏறாத மின்கம்பியை அது அறியாது. கம்பியைக் கண்டுபிடிக்க லேசர் கருவி உண்டு என்றாலும், மஞ்சின் நீர்த்துளிகள் லேசர் ஒளியைச் சிதறடித்துவிடும். இருளில் பார்க்க விமானிகள் அணியும் இரவுக் கண்ணாடிக்கும் இதே கதிதான். மில்லிமீட்டர் அலை ரேடார் மட்டும், அதன் அலைநீளம் அத்துளிகளைவிடப் பன்மடங்கு பெரியது என்பதால், பெருமளவு ஊடுருவிச் செல்கிறது.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து குன்னூரை அடுத்த வெலிங்டனுக்குச் சென்ற எம்.ஐ.-17 வி5 ரக விமானப்படை ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. எந்திரக் கோளாறோ சதியோ காரணமில்லை என்றும், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்த விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றும் விசாரணைக் குழு தன் முதற்கட்ட அறிக்கையில் தெரிவித்தது. இந்தத் தடுமாற்றம் திறமைக் குறைவன்று. வெளியே எதுவும் தெரியாதபோது, மெல்லச் சாய்ந்து திரும்பும் ஹெலிகாப்டரும் நேராகப் பறப்பதாகவே உட்செவி உணர்த்தும். அந்த உணர்வை மறுத்துக் கருவியை நம்புவது, எத்தனை அனுபவம் இருந்தாலும், மிகக் கடினமான செயல்.

ஆகவே மஞ்சுக்குள் சிக்கிய பிறகு உதவும் கருவிகளைவிட, முன்கூட்டியே வகுத்த பாதையையே நான் பெரிதாக மதிக்கிறேன். நம் நாட்டின் ககன் அமைப்பு ஜிபிஎஸ் பிழைகளைச் செயற்கைக்கோள் வழியே திருத்தித் தருகிறது. 2023இல் அதன் துணையோடு மும்பை ஜூஹுவிலிருந்து புனே வரை ஒரு ஹெலிகாப்டர் பறந்து காட்டியது. அந்த வழியிலும் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. பள்ளத்தாக்கை ஒட்டித் தாழ வராமல், பாதுகாப்பான உயரத்தில் மலையை அணுகி, குறித்த புள்ளியில் தளம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் இறங்கி, தெரியாவிட்டால் திரும்பிவிடும் இத்தகைய பாதைகள் நீலகிரிக்கும் வேண்டும்.