வசனம் மட்டும் கேட்கவில்லையே!

கேள்வி: புதிதாக 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும், அடி ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கினேன். சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது, வசனம்தான் காதில் விழவில்லை. ரிசீவரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும், அது அலமாரிக்குள் ஒடுங்கிக் கிடந்தால் விளிம்புவரை முன்னே இழுத்து உங்கள் காதைப் பார்த்தபடி வையுங்கள். அப்புறம், ரிசீவரோடு வந்த மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து, ஃபேன் சத்தம்கூட இல்லாத நேரத்தில் தானியங்கி அளவீட்டை (ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் அளந்து சரிசெய்வது) ஓடவிடுங்கள். அது முடிந்த பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். முன்பே கூட்டினால் அளவீடு அதை மாற்றிவிடும். சப்வூஃபர் இருந்தால் சின்ன ஸ்பீக்கர்களை ரிசீவர் மெனுவில் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். இரவு நேரத்துக்கு டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன் இருக்கிறது, வெடிச்சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும்.